புகைக்கூடம் கட்டியவரும் பெண் பார்க்க வந்தவர்களும்

கவனக்குறைவால் காரியம் கெட்டது என்று சொல்கிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கவனம் மிகுந்துபோய்க் கெட்ட காரியங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரணம், அப்படிக் கெடுத்தவர்கள் என்னைப் போன்றவர்கள். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம் என்று கடைசிவரை வாதாடிக்கொண்டிருப்பவர்கள்.

நான் கைக்குட்டையை விளிம்பு பிசகாமல் மடிக்கிறவன். குடையைக் கையில் எடுக்கும் முன் விரித்துப் பார்க்கிறவன். படுக்கும் முன் அன்றைய நாளை எழுதிவைக்காவிட்டால் தூக்கம் வராதவன். (என் மனைவி கமலம் இதைச் சுருக்கமாகச் சொல்வாள்: "இவரு சீப்புல பல்லு எல்லாம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் தலை சீவுவாரு.") இப்படிப்பட்டவனிடம் ஒரு தங்கையின் கல்யாணப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு என் பெற்றோர் காலமானார்கள். தங்கையின் பெயர் ராஜம்.

நாடு சுதந்திரம் அடையவிருந்த ஆண்டு அது. அப்பா விட்டுப்போன வீட்டில், மலாக்காவில் காஜா பெராங் சாலையை ஒட்டி, நாங்கள் மூவரும் இருந்தோம். பாதி செங்கல், பாதி பலகை, மேலே ஓடு. ஜன்னல்களுக்கு மேலே மரச்சட்டத்தில் பூ வேலைப்பாடாகத் துளைகள். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரைக்கும் எட்டாமல் பாதியிலேயே நின்றுவிடும். அடுப்படிக்கு மேல் கூரையைப் பிளந்து, அதற்கு மேல் ஒரு குட்டிக் கூரையைத் தூக்கி வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே நாலு பக்கமும் திறப்பு. ஒரு வீட்டில் ஏன் இத்தனை ஓட்டை என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு வருத்தம் உண்டு. கட்டும்போது பலகை தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ராஜத்தைப் பெண் பார்க்க முதலில் சிரம்பானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூடத்தில் சாமி படங்களுக்கு முன் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தோம். ராஜம் காப்பித் தட்டோடு வரும் நேரம் பார்த்துக் கடல் காற்று ஜன்னல் மேலிருந்த துளைகள் வழியாகப் புகுந்து விளக்கை அணைத்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை விளக்கைப் பார்த்தாள். ராஜத்தைப் பார்த்தாள். "சரி, கெளம்புவோமா? பஸ்ஸ விட்டுருவோம்" என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அடுத்து வந்தவர்கள் முன்னால் விளக்கு அணையவில்லை, ஆடியது. அவர்களும் பஸ்ஸை நினைத்துக்கொண்டார்கள். (இரண்டு மாப்பிள்ளைகளிடமும் நான் கேட்ட கேள்விகள்தான் அவர்களை விரட்டின என்பது கமலத்தின் கட்சி. பல் வலி வருவதுண்டா என்று கேட்பது தப்பா? நான் விளக்கைத்தான் சந்தேகித்தேன்.)

மூன்றாவதாக வந்த இடம் சிவநேசன். ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதிலிருந்து ஊசி போடுவதுவரை எல்லாம் அவர்தான். அம்மா கடைசிக் காலத்தில் வார்டில் படுத்திருந்தபோது, அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தவர். யாரும் சொல்லாமலே "அம்மா" என்று கூப்பிட்டவர். ராஜம் தினமும் வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவரைப் பார்த்திருக்கிறாள். அவருடைய அம்மா பாக்கியத்தம்மாள் செமாபோக்கில் இருந்தார். தரகர் மூலம் அவரே கேட்டு அனுப்பினார்.

ராஜம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கமலத்திடம் மட்டும், கீரை ஆய்ந்துகொண்டே, "இந்த எடம் அமைஞ்சா நல்லாருக்கும், அண்ணி" என்றிருக்கிறாள். பிடித்த குழம்பைக்கூட இரண்டாவது தடவை கேட்டு வாங்கத் தெரியாத பெண் அவள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தது, அரசாங்கத்துக்கு மகஜர் கொடுத்ததற்குச் சமம்.

இந்த முறை விளக்கு அணையக் கூடாது என்று நான் முடிவு செய்தேன்.

"ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கி விளக்கு மேல வெச்சிட்டா முடிஞ்சுது" என்றாள் கமலம்.

"கூண்டு வெச்சா, இந்த வீட்டுல விளக்கு அணையும்னு நாமளே வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"ஜன்னல சாத்தி வைங்க."

"ஜன்னல் சாத்தியிருந்தப்பத்தான் போன தடவை ஆடிச்சு. மேல இருக்கிற ஓட்டைதான் காரணம். எல்லாத்தையும் அடைக்கணும்."

"அடுப்புப் புகை?"

நான் காத்திருந்த கேள்வி அது. "அதுக்குத்தான் புகைபோக்கி ஒண்ணு வைக்கப் போறேன்" என்றேன். கமலம் அரிசி களையப் போனாள். அவள் வாயடைத்துப்போனதாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மாதங்களில் மலாக்காவில் ஒரு கூரைக்காரரைப் பிடிப்பது, மழைக்காலத்தில் துணி காயவைப்பது மாதிரி. தச்சர், கொத்தனார், தகர வேலைக்காரர் எல்லாரும் சுதந்திர விழாவுக்கு அலங்கார வளைவும் மேடையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். டவுனில் கூரை வேலை எடுக்கும் சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், போனேன். அவர் நான் பேசி முடிக்கும் முன்பே, "லெப்பாஸ் மெர்டேக்கா" என்றார். சுதந்திரத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். புக்கிட் பாருவில் ஒரு மலாய்த் தச்சர், நல்ல வேலைக்காரர். அவரும் சிரித்த முகத்தோடு, "லெப்பாஸ் மெர்டேக்கா, என்சே" என்று ஓர் ஐயாவையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஆண்டு அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்தால்கூட அதே பதில்தான். பெண் பார்க்க வருகிறவர்களோ சுதந்திரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்போதுதான் எங்களுக்கு விறகு போடுகிறவர் மாணிக்கத்தின் பெயரைச் சொன்னார். செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்; இப்போது சொந்தமாகக் கன்ட்ராக்ட் எடுக்கிறார்; கையில் வேலையில்லாமல் இருக்கிறார். ஊரே வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும்போது இவருக்கு மட்டும் ஏன் வேலையில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கிடைத்தாரே என்ற மகிழ்ச்சி.

மாணிக்கம் வந்தார். பெரிய மீசை, காதில் பென்சில். நான் முன்கூட்டியே யோசித்து வைத்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

"கூரை வேலை தெரியுமா?"

"தெரியும், கிராணியாரே." (நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் ஊரில் அதற்குக் கிராணி என்று பெயர்.)

"புகை விஷயம்?"

"புகையோடதானே இத்தன வருசம் குடும்பமே நடத்தினேன். சுத்து வட்டாரத் தோட்டத்துல கித்தா காய வைக்கிற புகைக்கூடம் பூராவும் நம்ம கை வேலைதான். தொரைங்களே கைகுடுத்துட்டுப் போவாங்க."

தெரியாதவர்களுக்கு: கித்தா என்றால் ரப்பர். ரப்பர் மரத்துப் பாலை உறையவைத்து, தகடாக உருட்டி, உயரமான ஒரு கட்டடத்துக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகையிலே காய வைப்பார்கள். அந்தக் கட்டடம்தான் புகைக்கூடம்.

"யாராவது குறை சொன்னதுண்டா?"

"உள்ள தொங்குறது கித்தா. அது என்னாத்த சொல்லும்?"

அவர் நகைச்சுவை எனக்குப் பிடித்திருந்தது. புகையைப் பற்றி இவரைவிட அறிந்தவர் யார் இருக்க முடியும் என்று நினைத்தேன். அன்று இரவு கமலத்திடம் அதைச் சொன்னேன்.

"புகைய உள்ளயே வெச்சிக்கிறதுக்குக் கட்டுறவரை, வெளிய அனுப்புறதுக்குக் கூட்டிட்டு வர்றீங்களா?" என்றாள்.

"உள்ள வைக்கத் தெரிஞ்சவருக்கு வெளிய அனுப்பத் தெரியாதா?" என்றேன். இந்தப் பதிலை நான் பிறகு பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மாணிக்கம் வேலையில் குறையே சொல்ல முடியாது. அதுதான் துரதிர்ஷ்டம். ஜன்னல் மேலிருந்த ஒவ்வொரு துளைக்கும் அளவாகப் பலகை அறுத்து அடித்தார். பாதிச் சுவர்களுக்கு மேலிருந்த வெளியையும் அடைத்தார், அடுப்படிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். அங்கே வைக்கப் பலகை போதவில்லை. குட்டிக் கூரையின் நாலு பக்கத்தையும் தகரத்தால் மூடி, இடுக்குகளில் கீல் பூசினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையவில்லை. நான் நுழைத்துப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே தகரக் கூம்பு, அதிலிருந்து கூரைக்கு வெளியே ஒரு குழாய், குழாய்க்குள் கயிறு இழுத்தால் மூடித் திறக்கும் ஒரு தட்டு.

"தட்டு எதுக்கு?"

"புகை ஓடிறக் கூடாதுல்ல? நிதானமாப் போகணும். அப்பத்தான் நல்லாப் புடிக்கும்."

எது பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. நிதானம் என்ற சொல் எனக்கு எப்போதும் பிடித்தமானது.

வேலை முடிந்ததும் சோதித்தேன். சோதிக்காமல் விடுகிற ஆளா நான்? ஒரு நாள் மாலை கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு விளக்கை ஏற்றினேன். சுடர் ஓவியத்தில் வரைந்ததுபோல நின்றது. மறுநாள் காலை அடுப்பைச் சோதித்தேன். விளக்குச் சோதனை முடிந்துவிட்டதால் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தேன். புகை ஒழுங்காகக் குழாய் வழியே மேலே போனது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சோதிக்க வேண்டும், இரண்டைக் கலக்கக் கூடாது என்பது என் முறை. இரண்டு சோதனையிலும் வீடு தேறியது. என்னைப் பாராட்டிக்கொள்ள ஆளில்லாததால் நானே பாராட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் மழை பெய்து விறகு நனைந்திருந்தது. கமலம் கேசரி கிண்டி முடித்து, வடைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். ராஜம் நீலப் பட்டு கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

"அண்ணே, இப்பவே கண்ணு கரிக்குது. அடுப்படி ஜன்னல மட்டுமாச்சும் கொஞ்சம் தொறந்து வைக்கட்டுமா?"

"விளக்கு, ராஜம்" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாக்கியத்தம்மாள், சிவநேசன், அவருடைய மாமா என்று மூவர் வந்தார்கள். மூவரும் உள்ளே வந்ததும் நான் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மாமா திரும்பிப் பார்த்தார். (பெண் பார்க்க வந்தவர்களை உள்ளே வைத்துப் பூட்டும் வீட்டை அவர் முன்னே கண்டதில்லை போலும்.)

"காத்து" என்று விளக்கினேன். "விளக்குக்காக."

"ரொம்ப நல்லது" என்றார் பாக்கியத்தம்மாள். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். "அசையாம எரியுது. பார்க்கவே மனசுக்கு நிறைவா இருக்கு, தம்பி."

என் வாழ்க்கையில் அதைவிட இன்பமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அந்த இன்பத்தில்தான், அடுப்படிச் சுவருக்கு மேலிருந்த வெளி வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று மெல்ல எட்டிப் பார்த்ததைக் கவனிக்காமல் விட்டேன்.

முதலில் இருமியவர் மாமா. அவர் புகையிலை போடுகிறவர், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு சிவநேசன் கண்ணைக் கசக்கினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"தம்பி, அடுப்புல எதாச்சும்…" என்று பாக்கியத்தம்மாள் ஆரம்பித்தார்.

"அது நிதானமாப் போகும்" என்றேன்.

அடுப்படியிலிருந்து கமலத்தின் குரல் வந்தது. "ஏங்க, மேல போகல. கீழதான் வருது."

"கயித்தை இழு."

"இழுத்துட்டேன். கயிறு கையோட வந்துடுச்சு."

ராஜம் காப்பித் தட்டோடு வந்தாள். வந்தாள் என்று தட்டிலிருந்த டம்ளர்களின் ஓசையை வைத்துத்தான் சொல்கிறேன். அந்த ஓசை கூடத்தின் நடுவில் நின்றது. பெண்ணை மாப்பிள்ளை பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பெண் பார்க்கவில்லை. இருவரையும் நான் பார்க்கவில்லை. இருமல்கள் மட்டும் திசைக்கு ஒன்றாக இருந்தன. அவற்றுக்கு நடுவே வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உள்ளே போன மூச்சு வெளியே வர மறுப்பது போன்ற, விசில் போன்ற சத்தம்.

"அம்மாவுக்கு இழுப்பு" என்றார் சிவநேசன். "கதவத் தொறங்க."

தாழ்ப்பாளை நான் அன்று காலைதான் காற்றில் ஆடாதபடி இறுக்கியிருந்தேன். புகையில் அது கைக்குச் சிக்கவில்லை. காப்பித் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ராஜம்தான் தடவித் தடவி வந்து என்னை விலக்கித் தாழைத் தட்டிக் கதவைத் திறந்தாள். பாக்கியத்தம்மாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனவளும் அவள்தான்.

எல்லாரும் வாசலிலிருந்த ரம்புத்தான் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் உள்ளே நின்றேன். கதவு திறந்துவிட்டதால் விளக்கை இரண்டு கையாலும் மறைத்துக் குனிந்துகொண்டிருந்தேன். சிவநேசன் ஈரக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைத் தேடித் திரும்பி வந்தார்.

"அண்ணே, வெளிய வாங்க."

"பார்த்தீங்களா?" என்றேன், இருமலுக்கு நடுவே. "அணையல."

அவர் விளக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வார்டில் ஜுர வேகத்தில் பிதற்றும் நோயாளியை அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். தோளைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு வந்தார்.

இதற்குள் ஓட்டின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் புகை கிளம்பியிருந்தது. பக்கத்து வீட்டு முத்துக்கிருஷ்ணப் பிள்ளை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தார். பல தலைமுறையாக அந்தப் பக்கத்திலேயே வாழும் மலாக்கா செட்டிக் குடும்பம். பெயரும் பூசையும் தமிழ், பேச்சு மலாய்.

"ஆப்பிகா?" என்றார். தீயா என்று கேட்கிறார்.

"புக்கான் ஆப்பி. ஆசாப் சாஜா" என்றேன். தீ இல்லை, வெறும் புகைதான் என்று.

"சாஜா?" என்று என் கூரையை மறுபடி பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரோடு வேலியைத் தாண்டி வந்து, நேராக அடுப்படிக்குப் போய் அடுப்பின் மேல் கொட்டினார். புகை நின்றது.

"இப்ப வடையும் போச்சு" என்றாள் கமலம்.

பாக்கியத்தம்மாளை மரத்தடியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார் சிவநேசன். ராஜம் விசிறினாள். அவள் முகத்தில் மை வழிந்திருந்தது. அவர் என்னவோ கேட்டார், அவள் தலையசைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் அருகில் பார்த்தது அந்த மரத்தடியில்தான். மாணிக்கம் தம் வேலையைப் பார்க்க அன்று பார்த்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூரையை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்.

"நல்ல புகை. ஒரு வாரம் இப்படியே வெச்சிருந்தா முதல் தரமா வரும்."

"என்ன வரும்?" என்றேன்.

அப்போதுதான் அவருக்கும் இது வீடு என்பது நினைவுக்கு வந்தது. "காத்து உள்ள வரக் கூடாதுன்னுதானே சொன்னீங்க, கிராணியாரே" என்று மீசையைத் தடவினார்.

வாடகைக் கார் வந்து மூவரும் போனார்கள். என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது: "காலையில் மழை. விளக்கு நன்றாக எரிந்தது."

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நகைச்சுவைக் கதை. அடுத்த வாரம் முழுக்க நான் காரணத்தைத் தேடினேன். எங்கள் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிறவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அடுப்பு எரியக் காற்று உள்ளே வர வேண்டும். வந்த காற்று சூடாகி மேலே போகும். மேலே வாசல் இருந்தும் கீழே வாசல் இல்லையென்றால் குழாய் இழுக்காது; புகை கூடத்தில்தான் தங்கும். ஜன்னல் மேலிருந்த துளைகள், எட்டாத சுவர்கள், குட்டிக் கூரை எல்லாம் சேர்ந்து வீடு மூச்சு விடுவதற்கான ஏற்பாடு. பலகை தீர்ந்துபோனதால் விட்டவை அல்ல. எனக்கு உண்டான வியப்பைச் சொல்லி முடியாது. அந்த வியப்பை ஒரு பெரிய தாளில் படமாக வரைந்தேன். உள்ளே வரும் காற்றுக்கு நீலம், வெளியே போகும் புகைக்குச் சிவப்பு. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு செமாபோக்குக்குப் போனேன்.

பாக்கியத்தம்மாள் தேறியிருந்தார். எனக்குக் காப்பி கொடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "பரவால்ல, தம்பி" என்றார். "பொண்ணு நல்ல பொண்ணு. அந்தப் புகைக்குள்ளயும் என் கையத் தேடிப் புடிச்சுது பாருங்க, அத நான் மறக்கல."

இந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். எது என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும். நானோ டம்ளரை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தேன்.

நீலத்தை விளக்கினேன். சிவப்பை விளக்கினேன். தட்டையும் கயிற்றையும் விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். சிவநேசன் வேலை முடிந்து வந்து வாசற்படியில் சைக்கிளோடு நின்றுவிட்டார்.

கடைசியில் அந்த அம்மாள், "அப்ப யாரு மேல தம்பி தப்பு?" என்று கேட்டார். சும்மா, பேச்சை முடித்துவைக்கத்தான் கேட்டார் என்று இப்போது புரிகிறது.

நான் யோசித்தேன். எனக்குக் கேள்வி என்றால் சரியான பதில் சொல்லியாக வேண்டும். "தனியா ஒருத்தர் மேல சொல்ல முடியாது. வேலை செஞ்சவர் சொன்னபடி செஞ்சார். விறகு ஈரம். வீட்டுல அடுப்பைக் கொஞ்சம் கூடுதலா எரிச்சுட்டாங்க. அப்புறம்…" என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடித்தும்விட்டேன்: "உங்களுக்கு இழுப்பு இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, அதுக்குத் தகுந்த ஏற்பாடு பண்ணியிருக்கலாம்."

வெளியே சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பாக்கியத்தம்மாள் தாளை மெதுவாகச் சுருட்டி, நான் கொண்டுவந்தபடியே நூல் கட்டி, என் கையில் கொடுத்தார்.

"காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ராஜத்திடம் சொன்னேன். காரியம் கைகூடிவிட்டது என்ற எண்ணத்தில்தான் சொன்னேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். "மன்னிச்சிருங்கன்னு சொன்னீங்களா, அண்ணே?"

"அதான் அவ்வளவும் விளக்கிச் சொன்னேனே."

என் முன்னாலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவிய டம்ளரையே அவள் திரும்பத் திரும்பக் கழுவுவது கேட்டது.

தரகர் சில நாட்களில் வந்தார். சிவநேசன் சொல்லி அனுப்பியதை என்னிடம் சொல்லத் தயங்கிக் கமலத்திடம் சொன்னார். எங்கம்மாவுக்கு மூச்சு முட்டியதற்கு எங்கம்மாவே காரணம் என்று சொல்கிற வீட்டில் நான் பெண் எடுத்தால், நாளைக்கு அந்தப் பெண் யார் பக்கம் நிற்பாள், பாவம் என்றாராம். பாவம் என்று அவர் சொன்னது ராஜத்தை. புகைக்காக அவர்கள் எங்களை வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு புக்கிட் பாரு தச்சர், சொன்ன சொல் தவறாமல் வந்து, எல்லாப் பலகையையும் பிடுங்கினார். வீட்டுக்குள் மறுபடி காற்று வந்தது. சில ஆண்டுகள் கழித்து ராஜத்துக்கு மூவாரில் ஒரு மளிகைக் கடைக்காரரோடு கல்யாணம் ஆனது. அவர்கள் பெண் பார்க்க வந்தபோது கமலம் என்னைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டாள். நல்ல மனிதர், ராஜத்தை நன்றாக வைத்திருக்கிறார். சிவநேசன் வடக்கே மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி. அவருடைய பெயர் எங்கள் வீட்டில் வந்ததில்லை.

வந்ததெல்லாம் அந்தப் படம்தான். எங்கள் குடும்பத்தில் யார் எதைச் செய்துவிட்டுக் காரணம் சொல்ல ஆரம்பித்தாலும், மற்றவர்கள் உடனே, "படம் போடு, படம் போடு" என்பார்கள். தட்டை உடைத்த பையனுக்கும், பரீட்சையில் தவறிய பெண்ணுக்கும், கடனை மறந்த மைத்துனருக்கும் அதுதான். "செகப்புப் பென்சில் எங்க, நீலப் பென்சில் எங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். என் பிள்ளைகளும் ராஜத்தின் பிள்ளைகளும் இது எங்கிருந்து வந்தது என்று அறியாமலே சொல்கிறார்கள். அந்தக் கேலியை வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவளே ராஜம்தான், கல்யாணமாகி மறுவீடு வந்த அன்று. கமலம் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். அன்று முதல் நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்து வருகிறேன்.

போன தீபாவளிக்கு மூவார் போயிருந்தேன். மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். ராஜம் சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நான் மேசையருகே உட்கார்ந்திருந்தேன். இத்தனை ஆண்டு கழித்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்று மலாக்காவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே தீர்மானம் செய்திருந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ராஜம், அன்னிக்கு… நம்ம வீட்டுக்குக் கடல் காத்து மத்தியானத்துக்கு மேலதான் வரும். அதனால நான் என்ன நெனச்சேன்னா…"

என் காதிலேயே அது விழுந்தது. நிறுத்தினேன்.

ராஜம் மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். மேசையில் கிடந்த சின்னவனின் பள்ளிக்கூடக் கொப்பியைத் திருப்பி, எழுதாத பக்கமாகப் பார்த்து என் முன்னால் வைத்தாள். பென்சிலையும் நீட்டினாள்.

"சொல்லுங்கண்ணே" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

நான் பென்சிலை வாங்கிக்கொண்டேன்.